வைரஸ் தாக்கிய வீட்டுக் கணிப்பொறியை மீட்டெடுத்தல்

கணிப்பொறியைத் தாக்கும் வைரஸ் உயிருள்ள பொருளன்று; மனிதர் எழுதிவைத்த ஒரு நிரலே அது. ஆயினும் அப்பெயர் பொருத்தமற்றதென்று தள்ளிவிடுவதற்கில்லை. புகையிலைச் செடியில் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸ் தானாகப் பெருகும் ஆற்றல் இல்லாதது. அது செடியின் உயிரணுவினுள் புகுந்து, அவ்வணுவின் சொந்த அமைப்பைக் கொண்டே தன் பிரதிகளை ஆக்கிக்கொள்கிறது. கணிப்பொறி வைரஸின் போக்கும் இதுவே. நாம் நம்பி இயக்கும் மற்றொரு நிரலினுள் ஒட்டிக்கொண்டு, அந்நிரல் இயங்கும்போது தானும் இயங்கி, அருகிலுள்ள கோப்புகளுக்கும் தட்டுகளுக்கும் பரவுகிறது.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த பிரெட் கோஹென் என்பவர் 1983-ஆம் ஆண்டு நவம்பரில் இத்தகைய நிரலொன்றை எழுதிச் சோதித்துக் காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயரிடலாமென யோசனை கூறியவர் அவருடைய ஆசிரியர் லெனார்டு ஆடில்மன். ஆர்.எஸ்.ஏ. எனப்படும் புகழ்பெற்ற சங்கேத முறையைக் கண்டறிந்த மூவருள் ஒருவரும் இவரே. இந்நாளில் பணம் பறிக்கும் வைரஸ்கள் அந்த ஆர்.எஸ்.ஏ. முறையையே தம் ஆயுதமாகக் கொண்டுள்ளன. ஒருவர் பெயர் இரண்டிலும் இடம்பெற நேர்ந்தது விந்தையே.

நம் நாட்டுப் பக்கத்தில் இவ்வரலாறு 1986-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்ற வைரஸ் பிளாப்பித் தட்டுகளின் வழியே உலகெங்கும் சென்றது. 1990-இல் இந்தியாவில் 'ஜோஷி' என்ற வைரஸ் கண்டறியப்பட்டது. ஆண்டுதோறும் ஜனவரி 5-ஆம் நாளன்று அது கணிப்பொறியை அசையாமல் நிறுத்தி, 'ஹாப்பி பர்த்டே ஜோஷி' என்று தட்டெழுதும்படி கேட்கும். வாழ்த்துக் கூறியதும் வேலை தொடரும். அக்காலத்து வைரஸ்களிற் பல இவ்வாறு குறும்பின் எல்லையில் நின்றவை. இன்று நிலைமை அப்படியன்று. குடும்பத்தின் ஆவணங்களைச் சிறைப்பிடித்துப் பணம் கேட்பதும், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் களவாடுவதும் இன்றைய வைரஸ்களின் தொழிலாகிவிட்டன.

பெங்களூரின் தெற்கே, ஓசூர்ச் சாலையில், சில்க் போர்டு சந்திப்புக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையில் பொம்மனஹள்ளி உள்ளது. 2007-ஆம் ஆண்டு வரை தனி நகரசபையாக இருந்து பின்னர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பகுதி இது. ஆடை தைக்கும் தொழிற்கூடங்களும் நெருக்கமான வாடகை வீடுகளும் நிறைந்தது. தமிழ்க் குடும்பங்கள் இங்கு மிகுதி. இத்தகைய இல்லங்களில் பெரும்பாலும் ஒரே கணிப்பொறிதான் இருக்கும். தந்தையின் பள்ளி வேலை, தாயின் தையற்கடைக் கணக்கு, பிள்ளைகளின் கல்லூரிப் பயிற்சி, பத்தாண்டுப் புகைப்படங்கள் ஆகிய யாவும் அந்த ஒரு தட்டிலேயே அடங்கியிருக்கும். அலுவலகமாயின் அதற்கென ஒரு நிபுணர் உண்டு. வீட்டுக்கு எவரும் இல்லை. ஆகவேதான் இக்கட்டுரை வீட்டுக் கணிப்பொறியை எடுத்துக்கொள்கிறது.

பின்வரும் நிலையைக் கற்பனை செய்துகொள்வோம். பொம்மனஹள்ளியில் குடியிருக்கும் ஓர் ஆசிரியரின் மகள், விலை கொடுத்து வாங்கவேண்டிய படம் திருத்தும் மென்பொருளொன்றை, பூட்டு உடைக்கப்பட்ட நிலையில் இலவசமாகப் பெற்று நிறுவுகிறாள். நிறுவும்போது, வைரஸ் தடுப்பு நிரலை நிறுத்திவைக்கும்படி அது கேட்கிறது; அவளும் நிறுத்துகிறாள். சிறிது நேரத்தில், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதுபோன்ற ஒரு சாளரம் திரையில் தோன்றுகிறது. அது மறைந்த பின்னர் பார்த்தால், ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. மதிப்பெண் பட்டியல் திறக்கவில்லை. புகைப்படம் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் 'ரீட்மீ' என்ற பெயரில் ஓர் ஓலை கிடக்கிறது. 980 டாலர் அனுப்பினால் திறவுகோல் தரப்படும், 72 மணி நேரத்துக்குள் அனுப்பினால் 490 டாலர் போதும் என்று அதில் கண்டிருக்கிறது. முழுத்தொகை இன்றைய மாற்று விகிதத்தில் எண்பதாயிரம் ரூபாயைக் கடக்கும். மதிப்பெண்களோ அவ்வாரத்திற்குள் ஒப்படைக்கப்பட வேண்டியவை.

கற்பனை என்றோமேயன்றி, மேற்கூறிய அறிகுறிகள் கற்பனையல்ல. 'ஸ்டாப்' என்றும் 'ஜாவு' என்றும் வழங்கப்படும் வைரஸ் குடும்பத்தின் இலக்கணம் முழுவதும் இதுவே. பெரிய நிறுவனங்களை விடுத்து, இத்தகைய வீடுகளையே குறிவைத்து அது பரவியது. இந்தியா அதனால் மிகுதியாகத் தாக்குண்ட நாடுகளுள் ஒன்று.

முதற்கண் செய்யத்தக்கவை

உடனே செய்யவேண்டியது, கணிப்பொறியை மற்றவற்றினின்றும் பிரித்தலே. இணையக் கம்பியைக் கழற்றுக. வைஃபை இணைப்பாயின் ரவுட்டரையே அணைத்துவிடலாம். செருகியுள்ள பென் டிரைவ், வெளித்தட்டு, கைபேசி ஆகியவற்றை அகற்றுக. கோமாரி கண்ட மாட்டை மந்தையினின்று பிரித்துக் கட்டுவதற்கு ஒப்பான செயல் இது. காரணமும் அதுவே. இவ்வகை நிரல்களிற் பல, எழுத்தடையாளம் பெற்ற எந்தத் தட்டையும் விட்டுவைப்பதில்லை. பிரதி எடுத்து வைத்திருந்த வெளித்தட்டும் அவ்வேளையில் செருகப்பட்டிருந்தால் அதுவும் போய்விடும்.

அடுத்து எழும் வினா, கணிப்பொறியை அணைப்பதா வேண்டாமா என்பது. இதில் நிபுணர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது. ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் கணிப்பொறிகள் சிலவும் அதில் அகப்பட்டன. அப்போது பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஆட்ரியன் கினே ஓர் உண்மையைக் கண்டார். ஆர்.எஸ்.ஏ. திறவுகோலை ஆக்குவதற்கு இரண்டு பெரிய பகா எண்கள் தேவை. வைரஸ் தன் வேலையை முடித்த பின்னரும், பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் அவ்வெண்கள் கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்தில் அழியாமல் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்தால் திறவுகோலை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். அவர் நாட்டவரான பெஞ்சமின் டெல்பி அம்முறையை விண்டோஸ் 7 வரை விரிவுபடுத்தினார். ஆனால் நினைவகம் மின்சாரம் உள்ளவரையே நிற்பது. கணிப்பொறியை ஒருமுறை அணைத்தவர்களுக்கு அவ்வழி அடைபட்டுப் போயிற்று.

மறுபக்கத்தை நோக்குக. வைரஸ் இன்னும் கோப்புகளை மாற்றிக்கொண்டே இருக்குமாயின், கணிப்பொறி இயங்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டமே. வான்னாக்ரையில் நேர்ந்ததுபோன்ற வாய்ப்பு பிற வைரஸ்களில் அரிது. ஆகவே, வீட்டிலுள்ளவர்கள் கொள்ளத்தக்க விதி இது: வன்தட்டின் விளக்கு ஓயாமல் மின்னி, கோப்புப் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தால், மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். எல்லாம் முடிந்து அமைதியாகிவிட்டதெனில், அணைப்பதற்கு மாறாக 'ஹைபர்னேட்' என்னும் உறக்க நிலைக்குக் கொண்டுசெல்லலாம். அதனால் நினைவகத்திலுள்ளவை தட்டில் எழுதப்பட்டுக் காக்கப்படும்.

பணம் அனுப்புவதா? அனுப்பலாகாது என்பதே இக்கட்டுரை ஆசிரியரின் துணிபு. திறவுகோல் வந்தே தீரும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. முகம் தெரியாத அக்கூட்டத்தாரின் அடுத்த முயற்சிக்கு அப்பணம் முதலாகும். 'உடனே திறந்து தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் இடைத்தரகர்களையும் இவ்விடத்தில் எச்சரிக்கையுடன் நோக்க வேண்டும். ஆர்.எஸ்.ஏ. சங்கேதத்தை உடைக்கும் வல்லமை இத்தகையோரிடம் இல்லை.

எவ்வகை வைரஸ் என்று அறிதல்

மருந்துக்கு முன் நோய்முதல் நாடுதல் வேண்டும். கோப்புகளின் பின் ஒட்டிய எழுத்துகளையும், ஓலையின் வாசகத்தையும் கைபேசியால் படமெடுத்துக்கொள்க. பிறகு தூய்மையான வேறொரு கணிப்பொறியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ ஆராய்க. 2016-ஆம் ஆண்டு ஜூலையில் நெதர்லாந்துக் காவல் துறை, ஐரோப்பியக் காவல் அமைப்பாகிய யூரோபோல், இரு பாதுகாப்பு நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து 'நோ மோர் ரான்சம்' என்ற திட்டத்தைத் தொடங்கின. அதன் இணையதளத்தில் கெட்டுப்போன கோப்பொன்றையும் ஓலையையும் அளித்தால், வைரஸின் வகையையும், அதற்குத் திறவு நிரல் உண்டா என்பதையும் கட்டணமின்றித் தெரிவிக்கும். வருமான வரிப் படிவம் போன்ற அந்தரங்கமான கோப்பை விடுத்து, சாதாரணப் படமொன்றை அனுப்புவது நலம்.

நாம் எடுத்துக்கொண்ட ஸ்டாப் வைரஸைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது. அது தாக்கத் தொடங்கும்போது தன் தலைவனின் சர்வருடன் தொடர்புகொண்டு, அந்தக் கணிப்பொறிக்கென்றே தனித் திறவுகோல் ஒன்றைப் பெற முயல்கிறது. தொடர்பு கிடைத்துவிட்டால் அத்திறவுகோல் வேறெங்கும் இல்லை. தொடர்பு கிடைக்காவிடில், தன்னுள்ளேயே பொதிந்துவைத்திருக்கும் பொதுத் திறவுகோலைப் பயன்படுத்துகிறது. அவ்வாறு பூட்டப்பட்ட எல்லாக் கணிப்பொறிகளுக்கும் அது ஒன்றே. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் மைக்கேல் கில்லெஸ்பி என்ற ஆராய்ச்சியாளரும் எம்சிசாஃப்ட் நிறுவனமும் இவ்வைரஸின் 148 வகைகளுக்குத் திறவு நிரலை வெளியிட்டனர். பழைய வகைகளுக்கும், பொதுத் திறவுகோல் தெரியவந்துள்ள சில புதிய வகைகளுக்கும் அது பயன்படும். தனித் திறவுகோலால் பூட்டப்பட்ட புதிய வகைகளுக்குப் பயன்படாது. இணையம் அறுந்த வேளையில் தாக்கப்பட்டவர் அதிருஷ்டசாலி என்பது இதன் பொருள். மின்வெட்டினாலும் நன்மை உண்டு போலும்!

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. விரைவாக வேலையை முடிப்பதற்காக இவ்வைரஸ் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவையே சங்கேதமாக்கிச் செல்கிறது. கடிதமும் சிறு பட்டியலும் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுவதால் அவை தப்புவதில்லை. ஆனால் பெரிய வீடியோப் படம், பாட்டு, சுருக்கிக் கட்டிய 'ஜிப்' தொகுப்பு ஆகியவற்றின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஜிப் தொகுப்பைச் சரிசெய்யும் நிரலைக் கொண்டு, முதலில் உள்ள சில கோப்புகள் நீங்கலாக ஏனையவற்றைப் பிரித்தெடுக்கலாம். திருமண வீடியோ ஒன்றின் முகப்புப் பகுதியை, அதே கருவியால் எடுத்த வேறு படத்தின் முகப்பைக் கொண்டு சீராக்குவதும் கூடும்.

தட்டிலுள்ளவற்றைக் காத்தல்

எதையும் துடைத்து நிறுவுவதற்கு முன், தட்டில் உள்ளதை உள்ளவாறே வேறொரு தட்டுக்குப் பிரதி எடுத்தல் வேண்டும். பூட்டப்பட்ட கோப்புகளும் இதில் சேரும். நோயுற்ற விண்டோஸை இயக்கிக்கொண்டே இதைச் செய்வது முறையன்று. வைரஸும் உடன் இயங்கும். அதற்கு மாறாக, பென் டிரைவிலிருந்தே இயங்கக்கூடிய லினக்ஸ் தொகுதியைப் பயன்படுத்துக. நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் தொகுதி உண்டு, இந்திய மொழிகளில் வேலை செய்வதற்கு ஏற்றது, கட்டணமின்றிக் கிடைப்பது. தூய்மையான கணிப்பொறியொன்றில் அதைப் பென் டிரைவில் ஏற்றி, நோயுற்ற கணிப்பொறியில் செருகி, மின்சாரம் பாய்ந்ததும் எஃப் 12 அல்லது அந்நிறுவனம் குறித்த வேறு விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்கும்படி தெரிவு செய்க. விண்டோஸுக்கென எழுதப்பட்ட வைரஸ் லினக்ஸில் உறங்கிக் கிடக்கும். விண்டோஸ் முறையாக நிறுத்தப்படாமல் இருந்தால் லினக்ஸ் அத்தட்டைப் படிப்பதற்கு மட்டுமே இடந்தரும். நமக்குத் தேவை படிப்பது மட்டுமே.

புதிய விண்டோஸ் கணிப்பொறிகளில் தட்டு முழுவதும் 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருக்கக்கூடும். அதற்கான 48 இலக்க மீட்பு எண் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை முன்னரே குறித்து வைத்துக்கொள்ளாவிடில், வைரஸ் செய்யாத தீங்கை நாமே செய்துகொள்ள நேரும்.

ஆவணங்கள், படங்கள், ஒலி, ஒளிப் பதிவுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லலாம். இயங்கும் நிரல்களையும், 'இ.எக்ஸ்.இ', 'எஸ்.சி.ஆர்' என்று முடியும் கோப்புகளையும், குறுக்குவழிக் குறிகளையும் எடுத்துச் செல்லலாகாது. 2010-இல் தோன்றிய 'ராம்நிட்' என்ற வைரஸ் இயங்கும் நிரல்களில் மட்டுமன்றி, இணையப் பக்கமாகச் சேமித்த எச்.டி.எம்.எல். கோப்புகளிலும் ஒட்டிக்கொள்ளும் தன்மையது. எனவே அவற்றையும் விலக்கிவிடுதல் நன்று.

அழிந்த கோப்பு உண்மையில் அழிந்துவிடுவதில்லை என்பதைப் பலரும் கேட்டிருப்பர். சுழலும் காந்தத் தட்டில் இது பெரும்பாலும் உண்மை. நூலகத்தில் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டால் நூல் அலமாரியிலேயே இருப்பது போல, கோப்பை நீக்கும்போது அதன் இடக்குறிப்பு மட்டுமே நீங்குகிறது; உள்ளடக்கம், அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். சில வைரஸ்கள் கோப்பின் பூட்டிய பிரதியைப் புதிதாக எழுதிவிட்டு மூலத்தை நீக்குகின்றன. அத்தகைய மூலங்களை 'ஃபோட்டோரெக்' போன்ற இலவச நிரல் தேடித் தரும். மூலத்தின் மேலேயே எழுதிவிடும் வைரஸாயின் இவ்வழி பயன்படாது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மத் தட்டிலோ நிலைமை வேறு. நீக்கப்பட்ட பகுதிகளை அத்தட்டு தானாகவே துடைத்து வெறுமையாக்கிக்கொள்வதால் மீட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கணிப்பொறி வாங்கும்போது வேகத்தைப் பற்றிக் கூறும் விற்பனையாளர் இதனைக் கூறுவதில்லை.

இவ்வளவு நுட்பங்களையும் பேசிய பின்னர், எளிய வழியொன்றை மறந்துவிடலாகாது. வீட்டின் கோப்புகள் பல, வீட்டுக்கு வெளியிலும் இருக்கின்றன. நமது ஆசிரியர் சென்ற மாதம் தலைமை ஆசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய மதிப்பெண் பட்டியல் 'அனுப்பியவை' பகுதியில் அப்படியே இருக்கும். விடுபட்டவற்றை விடைத்தாள் கட்டிலிருந்து ஓரிரவில் நிரப்பிக்கொள்ளலாம். உறவினருக்கு வாட்ஸப்பில் அனுப்பிய படங்கள், தரம் சற்றுக் குறைந்தாலும், அவர்கள் கைபேசியில் இருக்கும். கூகுள் டிரைவில் வைத்த கோப்பு பூட்டப்பட்ட நிலையில் அங்கும் சென்று பதிந்திருந்தால், அதன் முந்தைய பதிப்பை 30 நாட்களுக்குள் திரும்பப் பெறலாம். திறவு நிரலைத் தேடி அலைவதைக் காட்டிலும் இவ்வாறு ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பட்டியலிடுவது அதிக பலன் தருகிறது.

துடைத்து நிறுவுவது ஏன்?

வைரஸ் தடுப்பு நிரலை ஓட்டி, அது கண்டதை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். விளம்பரத்தைக் காட்டும் சில்லறைத் தொல்லைகளுக்குப் போதும். விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் நிரலின் 'ஆஃப்லைன்' சோதனை, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தட்டை ஆராய்வதால் மறைந்திருக்கும் நிரல்களையும் காணவல்லது. ஏறத்தாழ 15 நிமிஷங்களே பிடிக்கும். மத்திய அரசு 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரம்' வைரஸ் நீக்கும் நிரல்களைக் கட்டணமின்றி வழங்குகிறது.

கடுமையான தாக்குதலில் இவை போதா. காரணம் கொள்கையளவிலேயே உள்ளது. எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டறியும் பொதுமுறை எதுவும் இருக்க இயலாது என்பதை மேற்கூறிய கோஹென் 1987-இல் கணித முறையில் நிறுவினார். அது மட்டுமன்று. ராம்நிட், சாலிட்டி போன்றவை நூற்றுக்கணக்கான நிரல்களைத் திருத்தி எழுதிவிடுகின்றன. அவற்றை அறுத்தெடுத்தபின் எஞ்சும் நிரல் பழுதின்றி இயங்குமென்று சொல்ல முடியாது. ஸ்டாப் வைரஸ் கடவுச்சொற்களைத் திருடும் வேறொரு நிரலையும் உடனழைத்து வருவதுண்டு. பாதுகாப்பு நிறுவனங்களின் இணையதளங்கள் திறவாதபடி முகவரிக் கோப்பையும் மாற்றிவிடுகிறது. நோயுற்ற கணிப்பொறியிடமே 'நீ நலமா?' என்று கேட்பதில் பொருளில்லை. கோப்புகளைக் காத்துக்கொண்ட பின், தட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவுதலே செலவும் ஐயமும் குறைந்த வழி.

நிறுவும் முறை கடினமானதன்று. தூய்மையான கணிப்பொறியில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரே, 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் நிறுவு தொகுதியை ஆக்கிக்கொள்க. கடைகளில் கிடைக்கும் 'ரெடிமேட்' தொகுதிகள் வேண்டா. பூட்டு உடைத்த மென்பொருளால் வந்த வினைக்குப் பூட்டு உடைத்த விண்டோஸ் மருந்தாகாது. அப்பென் டிரைவிலிருந்து தொடங்கி, தட்டின் எல்லாப் பகுதிகளையும் நீக்கி, வெற்றிடத்தில் நிறுவுக. முன்பு உரிமம் பெற்றிருந்த கணிப்பொறியாயின், உரிமம் தாய்ப்பலகையுடன் பிணைக்கப்பட்டிருப்பதால் இணையம் கிடைத்ததும் தானே உறுதியாகிவிடும். தட்டுக்கும் அப்பால், தாய்ப்பலகையின் உள்நிரலிலேயே குடிபுகும் வைரஸ்களும் உண்டு; 'லோஜாக்ஸ்' என்பது 2018-இல் கண்டறியப்பட்டது. அவை அரசுகளையும் பெரு நிறுவனங்களையும் நோக்கி ஏவப்படுபவை. வீட்டார் அதற்காக அஞ்சவேண்டியதில்லை.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணிப்பொறியில் லினக்ஸை நிறுவி எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் பயன்படுத்துவது தக்க மாற்றாகும். வான்னாக்ரை பரவுவதற்கு இரண்டு மாதம் முன்பே, 2017 மார்ச் 14-இல், அதன் வழியை அடைக்கும் திருத்தம் வெளியாகிவிட்டது. தாக்குண்டவை அதை ஏற்காதிருந்த கணிப்பொறிகளே.

புதிய விண்டோஸ் எழுந்ததும் முதலில் திருத்தங்களை முழுவதும் ஏற்க. அடுத்து, காத்துவைத்த தட்டைச் செருகுமுன் வைரஸ் தடுப்பு நிரல் இயங்குகிறதா என்று பார்க்க. செருகியபின் அதைச் சோதித்து, ஆவணங்களை மட்டும் சிறிது சிறிதாகத் திரும்பக் கொணர்க. மாக்ரோக்களை இயக்கட்டுமா என்று எந்த ஆவணமாவது கேட்டால் மறுத்துவிடுக.

கடவுச்சொற்களைப் பற்றிப் பலர் அசட்டையாக இருந்துவிடுகின்றனர். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் யாவும் களவுபோயின என்றே கொள்ளவேண்டும். தூய்மையான கைபேசியிலிருந்து, முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுக. பிற கணக்குகளின் சாவி அதுவே. பின்னர் வங்கி, பிறகு ஏனையவை. மாற்றுவதோடு நில்லாமல், 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுக' என்ற கட்டளையையும் இடுக. ஏனெனில் திருடன் கடவுச்சொல்லே இன்றி, திறந்துகிடக்கும் அமர்வின் அடையாளத்தைக் கொண்டும் உள்ளே இருக்கக்கூடும். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க. உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் பதிவுத் தளத்திலும் புகார் செய்யலாம். பிறர் கணிப்பொறியில் வைரஸைப் புகுத்துவது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் அடங்கும். நேர்மையற்ற நோக்குடன் செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கள ஊழியர் கவனத்துக்கு

களப்பணியில் உள்ளோர்க்கும் ஆசிரியர்க்கும் பென் டிரைவே பெரும் வாயில். படிவங்களை அச்சிடவும் நகலெடுக்கவும் ஜெராக்ஸ் கடைகளில் ஒரே கணிப்பொறியில் நாள்தோறும் பலருடைய பென் டிரைவுகள் செருகப்படுகின்றன. அங்கே பிடிக்கும் ஒரு வைரஸ், பென் டிரைவிலுள்ள உண்மையான கோப்புறைகளை மறைத்து, அதே பெயருடைய குறுக்குவழிக் குறிகளை வைத்துவிடும். அவற்றைச் சொடுக்கினால் கோப்புறையும் திறக்கும், வைரஸும் இயங்கும். கோப்புகள் போய்விட்டன என்று அஞ்சிப் பென் டிரைவை 'ஃபார்மட்' செய்துவிடுவோர் உண்டு. அது வேண்டாத அவசரம். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துப் பார்த்தால் அவை அங்கேயே இருக்கும். கடைக்கென்று தனிப் பென் டிரைவ் ஒன்றை வைத்துக்கொண்டு, அச்சிடவேண்டிய கோப்பை மட்டும் அதில் ஏற்றிச் செல்வது எளிய காப்பு.

விதைநெல்லை உணவு நெல்லோடு கலந்து வைக்கும் உழவர் எவருமில்லை. தனிக் கோட்டையாகக் கட்டி, வேறிடத்தில் வைப்பர். கோப்புகளின் பிரதிக்கும் அதுவே முறை. வாரம் ஒருமுறை வெளித்தட்டில் பிரதி எடுத்து, எடுத்த உடனே கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். எந்நேரமும் செருகியே கிடக்கும் தட்டு, வைரஸின் கண்ணில் இன்னொரு கோப்புறையே. முக்கியமான சிலவற்றின் மற்றொரு பிரதியை இணையச் சேமிப்பிலோ உறவினர் இல்லத்திலோ வைக்கலாம். ஆண்டுக்கு இருமுறையேனும் அப்பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்கவேண்டும். முளைப்புத் திறனைச் சோதியாமல் விதையை நாற்றங்காலுக்குக் கொண்டுசெல்வதில்லை அல்லவா?

இவ்வளவும் செய்த பின்னரும் திறக்க முடியாத கோப்புகள் மிஞ்சக்கூடும். அவற்றை எறிந்துவிட வேண்டாம். பூட்டிய கோப்புகளையும் ரீட்மீ ஓலையையும் தனித் தட்டில் வைத்து, தாக்கிய தேதி, ஒட்டிய நான்கு எழுத்துகள், ஓலையில் கண்ட அடையாள எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவைக்கவும். ஆண்டுக்கொருமுறை மேற்கூறிய தளத்தில் மீண்டும் தேடிப் பார்க்கவும். 'டெஸ்லாகிரிப்ட்' வைரஸை நடத்தியோர் 2016 மே மாதத்தில் தாமாகவே தலைமைத் திறவுகோலை வெளியிட்டனர்; 'ஷேட்' வைரஸை நடத்தியோர் 2020 ஏப்ரலில் ஏழரை லட்சம் திறவுகோல்களை வெளியிட்டுத் தொழிலைக் கைவிட்டனர். தட்டை எறியாமல் வைத்திருந்தவர்கள் அவற்றைக் கொண்டு தங்கள் கோப்புகளைத் திறந்துகொண்டனர்.